‘மிகாமல்’ என்ற சொல்

அரசாங்க ஆணைகளில் ‘மிகாமல்’ என்று ஒரு சொல் வரும். ‘ரூபாய் ஐந்து லட்சத்துக்கு மிகாமல்’ என்று ஆணை வந்தால், மனு போட்டவர் ‘ஐந்து லட்சம் கிடைத்துவிட்டது’ என்று படித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பாயசம் வைப்பார். கணக்குப் பிரிவில் இருக்கும் குமாஸ்தா, ‘ஐந்து லட்சத்துக்கு மேல் ஒரு பைசா தரக்கூடாது’ என்று படிப்பான். அதற்குக் கீழே எவ்வளவு என்பதைப் பட்டியல் வந்த பிறகுதான் சொல்ல முடியும். பட்டியலே வராமலும் போகலாம். முப்பத்து நான்கு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவன் என்பதால், எந்தக் கடிதம் கையில் கிடைத்தாலும் முதலில் அதன் வினைச்சொல்லைத்தான் என் கண் தேடும். எண்ணை அப்புறம் பார்ப்பேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சில வருஷங்களாகப் பிரான்சில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் பலர் ஹைட்ரஜன், மாற்று எரிபொருள் என்று புதுக் கம்பெனிகளின் பங்குகளை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். ரெத்ரேத் பணம் வாங்குகிற வயதுக்காரர்கள். ராணுவத்திலும் தபால் இலாகாவிலும் ரயிலிலும் வேலை பார்த்துச் சேர்த்த காசு. பிரெஞ்சில் இவர்களுக்கு ‘பெத்தி பொர்த்தேர்’ என்று பெயர். சின்னப் பத்திரக்காரர்கள். கம்பெனி மாதா மாதம் ஓர் அறிவிப்பு விடுகிறது. இவர்கள் அதைப் படித்துவிட்டு எனக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். ‘படிச்சியாடா, இந்த வருஷம் கையெழுத்தாயிடும் போலிருக்கே’ என்று கேட்கிறார்கள்.

என்னோடு லிசேயில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிரவே எழுதிய ஒருவன் அப்படிக் காத்திருக்கிறான். அவன் வைத்திருக்கும் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். அது இன்னும் உயிரோடு இருக்கிறது, அவனும் இன்னும் நம்பிக்கையோடு இருக்கிறான். ‘வித்துடவா, வச்சிருக்கவா, உண்மையைச் சொல்லு’ என்று போன மாதம் கேட்டான். பங்குச் சந்தைக்கும் எனக்கும் தூரம். ஆனால் கோப்பு படிக்கத் தெரியும். அதனால் ஏற்கெனவே முடிந்துபோன, ஊரறிந்த ஒரு கம்பெனியின் கதையை முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்த்தேன். அதிலிருந்து எனக்கு வந்த அபிப்பிராயம்தான் இது.

அந்தக் கம்பெனியின் பெயர் மக்ஃபி எனர்ஜி. 2008-இல் பிரான்சின் தெற்கே, த்ரோம் பகுதியில் தொடங்கியது. ஹைட்ரஜன் வாயுவை மக்னீசியத்தோடு சேர்த்துத் திடப்பொருளாகச் சேமித்து வைக்கலாம் என்பதுதான் அதன் முதல் யோசனை. பிரான்சின் பெரிய அரசு ஆராய்ச்சி நிலையங்களில் பிறந்த நுட்பம் அது. நல்ல யோசனைதான். ஆனால் வாங்குவதற்கு ஆள் அதிகம் இல்லை. சில வருஷங்களிலேயே கம்பெனி அதை ஓரமாக வைத்துவிட்டு, இத்தாலியிலும் ஜெர்மனியிலும் இருந்த சிறு தொழில்களை வாங்கி, எலக்ட்ரோலைசர் செய்யும் வேலைக்கு மாறியது. தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்தி ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரிக்கும் இயந்திரம் அது. நாம் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பென்சில் ஈயத்தையும் ஒரு பாட்டரியையும் வைத்துப் பார்த்த சோதனைதான், ஆனால் கப்பல் கன்டெய்னர் அளவுக்கு.

2014-இல் பாரிஸ் சந்தையில் பங்கு வெளியிட்டார்கள், சுமார் 8 யூரோவுக்கு. 2018-இல் பிரான்சின் மின்சார நிறுவனமான ஈ.டி.எஃப். உள்ளே வந்தது. 2020 அக்டோபரில் புதுப் பங்குகள் போட்டு 180 மில்லியன் யூரோ, அதாவது 18 கோடி யூரோ திரட்டினார்கள். சார்ட் என்ற அமெரிக்கக் கம்பெனியும் டெக்னிப்பும் அதில் பணம் போட்டன. 2021 தொடக்கத்தில் பங்கு விலை 40 யூரோவை ஒட்டிப் போனது. கொரோனா காலம். வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் எல்லாம் கைபேசியில் பங்கு வாங்கக் கற்றுக்கொண்ட நேரம். ஐரோப்பிய அரசுகள் எல்லாம் ஒரே குரலில் ஹைட்ரஜன், ஹைட்ரஜன் என்று சொல்லிக்கொண்டிருந்தன.

அந்த வருஷங்களின் அறிவிப்புகளைத்தான் நான் உட்கார்ந்து படித்தேன். ஒன்றில்கூடப் பொய் இல்லை. அதுதான் விசேஷம். ‘தேர்வு செய்யப்பட்டுள்ளோம்’ என்பார்கள். ‘உடன்பாட்டுக் கடிதம் கையெழுத்தாகியுள்ளது’ என்பார்கள். ‘வாடிக்கையாளரின் இறுதி முதலீட்டு முடிவுக்கு உட்பட்டு’ என்று ஒரு வால் இருக்கும். நெதர்லாந்தில் டெல்ஃப்சைல் என்ற துறைமுக ஊரில் 20 மெகாவாட் எலக்ட்ரோலைசர் ஒன்றுக்கு 2020-இல் இவர்களைத் தேர்வு செய்ததாகச் செய்தி வந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய அளவு. பங்கு வைத்திருந்தவர்கள் கை தட்டினார்கள். ஆனால் தேர்வு செய்தவர் இன்னும் கட்டலாம் என்றே முடிவெடுக்கவில்லை. முடிவு தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது.

நம்ம பாஷையில் சொன்னால் இது ‘கோட்பாட்டளவில் ஒப்புதல்’. பொதுப்பணியில் ஒரு வேலை நடக்க எத்தனை படி என்று வாசகர்களில் பாதிப்பேருக்குத் தெரியும். முதலில் கோட்பாட்டளவில் ஒப்புதல், பிறகு நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், செலவுக்கு ஒப்புதல், டெண்டர், வேலை ஆணை. அதற்கப்புறம்தான் பட்டியல், டோக்கன், காசோலை. ஒரு கான்ட்ராக்டர் முதல் படியின் கடித நகலைக் கையில் வைத்துக்கொண்டு, ‘சார், இதை வச்சு வட்டிக்கு வாங்கிட்டேன்’ என்று என் மேசைக்கு எதிரே நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கடிதம் உண்மை. கையெழுத்து உண்மை. ஆனால் அதில் பணம் இல்லை. அவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

இந்த இறுதி முடிவு ஏன் தள்ளிப்போகிறது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜன் பிரிக்க ஏறத்தாழ 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். நம் வீட்டு ஃபிரிட்ஜ் ஒரு மாதத்துக்கு இழுக்கிற மின்சாரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கும் ஹைட்ரஜன் இதைவிட வெகு மலிவு. ஆகவே ஆலைக்காரன் தண்ணீரிலிருந்து எடுத்த ஹைட்ரஜனை வாங்க வேண்டுமென்றால், அரசு மானியம் வர வேண்டும், மின்சாரம் நீண்ட கால ஒப்பந்தத்தில் மலிவாகக் கிடைக்க வேண்டும், கடைசியில் அவன் பொருளைக் கூடுதல் விலைக்கு வாங்க இன்னொருவன் சம்மதிக்க வேண்டும். நான்கு பேர் நான்கு வாசலில் நின்றுகொண்டு ‘நீ முதலில் உள்ளே போ’ என்று சொல்வது மாதிரி. 2022-இல் உக்ரைன் போர் வந்து ஐரோப்பாவில் மின்சார விலை ஏறியதும் எல்லாரும் இன்னும் ஓர் அடி பின்னால் வைத்தார்கள். இயந்திரம் செய்கிறவன் கையில் இதில் ஒன்றுமே இல்லை. அவனுடைய சிறு பங்குதாரனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் இயந்திரம் செய்கிறவனுக்குச் செலவு காத்திருக்காது. பெரிய ஆர்டர் வரும் என்று பெரிய ஆலை கட்ட வேண்டும். கிழக்கு பிரான்சில் பெல்ஃபோர் நகரத்தில் கட்டினார்கள். 22,000 சதுர மீட்டர். வருஷத்துக்கு 1 கிகாவாட் அளவுக்கு எலக்ட்ரோலைசர் செய்யலாம் என்று திட்டம். 2024 ஜூனில் திறப்பு விழா. இதற்கு அரசு உதவி எவ்வளவு தெரியுமா? 114 மில்லியன் யூரோ ‘வரை’. பிரெஞ்சில் ‘ஜுஸ்கா’. நம்முடைய ‘மிகாமல்’தான். செலவு செய்து கணக்குக் காட்டக் காட்டத்தான் வரும் பணம் அது. பத்திரிகைத் தலைப்புகளில் ‘வரை’ சிறிதாகவும் 114 பெரிதாகவும் இருந்தது. அவ்வளவு பெரிய ஆலையைத் திறந்த கம்பெனியின் ஆண்டு விற்பனை எந்த வருஷத்திலும் 20 மில்லியன் யூரோவைத் தொட்டதில்லை.

ஹைட்ரஜன் நிரப்பும் நிலையங்கள் செய்யும் பிரிவை 2024-இல் இன்னொரு கம்பெனிக்கு விற்றார்கள். 2025-இல் பணம் தீர்ந்தது. வாங்குவதற்கு ஆள் தேடினார்கள். கடைசியில் அந்த ஜூலையில், பெல்ஃபோர் வணிக நீதிமன்றத்தின் முடிவுப்படி, தொழில்நுட்ப உரிமைகளையும் சொத்துகளில் ஒரு பகுதியையும் ஜான் காக்கெரில் என்ற பழைய பெல்ஜியம் கம்பெனியின் ஹைட்ரஜன் பிரிவு எடுத்துக்கொண்டது. திரட்டிய 180 மில்லியனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாத சொற்ப விலைக்கு. மீதி, கலைப்பு. கலைப்பில் யாருக்கு முதலில் என்று சட்டம் வரிசை வைத்திருக்கிறது. தொழிலாளி சம்பளம், அரசு, கடன் கொடுத்தவர், சரக்குக் கொடுத்தவர். வரிசையின் கடைசியில் பங்குதாரர். அவர் முறை வரும்போது அண்டாவில் கரண்டி தட்டும் சத்தம்தான் மிச்சம்.

சில வாசகர்களுக்கு இந்நேரம் 1996-இன் மூலிகைப் பெட்ரோல் நினைவுக்கு வந்திருக்கும். அது வேறு. அங்கே கேள்வி, பொருள் உண்மையா என்பது. சோதனைச்சாலையில் ஒரு நாளில் முடிகிற விஷயம். இங்கே பொருள் சுத்தமான உண்மை. மக்ஃபியிடமிருந்து உரிமம் வாங்கி நம் எல் அண்ட் டி கம்பெனி குஜராத்தின் ஹசீராவில் எலக்ட்ரோலைசர் செய்தது. முதல் இயந்திரம், 1 மெகாவாட், 2024 மார்ச்சில் இயங்கத் தொடங்கியது. பொறியாளர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. என் நண்பன் மாதிரி ஆட்கள் தடுக்கி விழுவதும் இந்த இடத்தில்தான். ‘பொருள் நல்லதுடா, உலகத்துக்கே வேணும்டா, ஒரு நாள் வந்தே தீரும்’ என்கிறான். வரும். நானும் ஒத்துக்கொள்கிறேன். வரும்போது அவன் பங்கு இருக்குமா என்பது தனிக் கேள்வி. அவன் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறான்.

லிசேயில் எங்களுக்குப் பனாமாக் கால்வாய் பாடம் உண்டு. சூயஸ் கால்வாயை வெட்டிய லெசெப்ஸ், அதே பேரைச் சொல்லி 1880-களில் பனாமாவை வெட்டக் கிளம்பினார். பிரான்சில் லட்சக்கணக்கான சின்னக் குடும்பங்கள், தலையணைக்கு அடியில் வைத்திருந்த காசைக் கொண்டுவந்து கொடுத்தன. மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் ஆயிரக்கணக்கில் ஆட்களை வாரிக்கொண்டு போயின. கடல் மட்டத்தில் வெட்டுவோம் என்றவர் பிறகு மதகு வைப்போம் என்றார். தேதி தள்ளித் தள்ளிப் போனது. ஒவ்வொரு முறை தள்ளியபோதும் புதுப் பத்திரம் போட்டார்கள். 1889-இல் கம்பெனி மூழ்கியது. கால்வாய் என்ன ஆயிற்று? 1914-இல் அமெரிக்கர்கள் திறந்தார்கள், இன்றைக்கும் கப்பல் போகிறது. எங்கள் ஆசிரியர் இதில் லஞ்சம் வாங்கிய எம்.பி.க்களைப் பற்றித்தான் ரசித்துப் பேசுவார். எனக்கு என்னவோ, கால்வாய் ஓடிக்கொண்டிருக்க அதற்கு முதலில் பணம் கொடுத்தவர் கையில் வெறும் காகிதம் இருந்த காட்சிதான் மனதில் நின்றது. அழகான காகிதம் வேறு, படம் எல்லாம் போட்டு.

புதுப் பத்திரம் போடுவது பற்றி இன்னொரு வார்த்தை. ஒப்பந்தம் தாமதமாகும் கம்பெனிக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் வேண்டும். விற்பனை இல்லை, பாங்கு கடன் தராது. அதனால் புதுப் பங்கு வெளியிடும். நூறு பேருக்கு இருந்த மோரில் தண்ணீர் ஊற்றி முன்னூறு பேருக்கு ஆக்குவது மாதிரி. பழைய பங்குதாரரின் டம்ளர் அதே அளவுதான், உள்ளே இருப்பது மோர்தானா என்பது சந்தேகம். என் நண்பன் இதற்கு மேலும் ஒன்று செய்தான். விலை இறங்க இறங்கக் கூடுதலாக வாங்கினான். ‘சராசரியைக் குறைக்கிறேன்’ என்றான். சராசரி குறைந்ததென்னவோ நிஜம். போட்ட மொத்தப் பணம் கூடிக்கொண்டே போனதை அவன் ஏனோ சொல்லவில்லை.

நம் தலைமுறைக்குக் காத்திருப்பது பெரிய குணமாகச் சொல்லித் தரப்பட்டது. ரேஷன் கடையில், ரயில் டிக்கெட்டில், கேஸ் இணைப்பில், டெலிபோனுக்கு வருஷக்கணக்கில் காத்திருந்தோம். காத்திருந்தவனுக்குக் கிடைத்தது. ஏனென்றால் அங்கே வரிசை எண் இருந்தது, முன்னால் இருப்பவர் வாங்கிக்கொண்டு போனால் நாம் ஓர் அடி நகர்ந்தோம். பங்கில் வரிசை எண் கிடையாது. ஏழு வருஷம் காத்திருந்தவனுக்கும் நேற்று வாங்கியவனுக்கும் ஒரே விலை. ஆனாலும் ‘இவ்வளவு நாள் இருந்தாச்சு, இப்ப விட்டா நாளைக்கே ஏறிடுமே’ என்ற நினைப்பு மனதை விடாது. கம்பெனிகளுக்கு இது நன்றாகத் தெரியும் என்பது என் அபிப்பிராயம். இல்லாவிட்டால், ஆர்டர் வராத காலாண்டில் மட்டும் அறிவிப்பின் முதல் வரி இவ்வளவு உற்சாகமாக இருக்காது.

சரி, என்ன செய்யலாம் என்கிறாய் என்று கேட்பீர்கள். பேராசைதான் காரணம், வாங்கினவன் படட்டும் என்று சொல்லிவிட எனக்கு மனம் இல்லை. சிறு முதலீட்டாளனுக்குக் கணக்கு தெரியாததைவிட, அவனிடம் பழைய அறிவிப்புகளின் தொடர்ச்சி இல்லாததுதான் பெரிய குறை. அறிவிப்பு ஒவ்வொன்றும் தனியாக வருகிறது, போன வருஷம் சொன்னது என்ன ஆயிற்று என்பதை யாரும் அடுத்த காகிதத்தில் எழுதுவதில்லை. எங்கள் அலுவலகத்தில் இதற்கு வழி இருந்தது. நிலுவைப் பட்டியல். மாதக் கடைசியில் ஒவ்வொரு பிரிவும் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்தக் கோப்பு, எந்தத் தேதியில் வந்தது, எதனால் நிற்கிறது, எத்தனை மாதம். மேலதிகாரி அதைப் படித்தாரோ இல்லையோ, தன் கையாலேயே ‘பதினான்கு மாதம்’ என்று எழுதும்போது குமாஸ்தாவுக்கே கூச்சம் வந்துவிடும். பாதிக் கோப்பு அந்தக் கூச்சத்தில்தான் நகர்ந்தது.

பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிகளுக்கும் இதை விதியாக்க வேண்டும் என்கிறேன். ஒப்பந்தம் வரப்போகிறது, தேர்வாகிவிட்டோம், கடிதம் கையெழுத்தாயிற்று என்று கடந்த ஐந்து வருஷத்தில் அறிவித்தவை எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வரிசையாகப் போட வேண்டும். அறிவித்த தேதி, அப்போது சொன்ன காலக்கெடு, இன்றைய நிலை, இதுவரை கைக்கு வந்த பணம். காலாண்டுக் கணக்கோடு முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பெரிய தணிக்கையாளர் தேவையில்லை, ஒரு எல்.டி.சி. அரை நாளில் தயார் செய்வார். ‘வியாபார ரகசியம்’ என்று எதிர்ப்பு வரும். அறிவிக்கும்போது ரகசியமாக இல்லாத விஷயம், தாமதமாகும்போது மட்டும் எப்படி ரகசியம் ஆகிறது?

இது பிரான்சில் இருப்பவர்களின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். நம் மத்திய அரசு 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதிலிருந்து இங்கேயும் பிள்ளைகள் கைபேசியைக் காட்டி ‘அப்பா, இந்தக் கம்பெனி பேர்ல கொஞ்சம் போட்டு வை’ என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். தபாலாபீஸ் பத்திரம் முதிர்ந்து கையில் பணம் வருகிற வயது நமக்கு. யாராவது கேட்டால் நான் இரண்டு கேள்விதான் திருப்பிக் கேட்கிறேன். உறுதி ஆர்டர் எத்தனை? இன்றைக்குக் கையில் இருக்கும் பணம் எத்தனை மாதச் சம்பளத்துக்கு வரும்? இரண்டுக்கும் பதில் கம்பெனியின் கணக்கிலேயே இருக்கும், பின் பக்கங்களில். பதில் கிடைக்காத இடத்தில் மருந்துக்கும் பேத்தி கல்யாணத்துக்கும் வைத்த பணத்தைப் போடக்கூடாது.

நண்பனுக்கு விற்கச் சொல்லவும் இல்லை, வைக்கச் சொல்லவும் இல்லை. அவனுடைய கம்பெனியின் பழைய அறிவிப்புகளை எல்லாம் அனுப்பச் சொன்னேன். ஒரு நீள நோட்டில் ஐந்து பத்தி கோடு போட்டு, தேதிவாரியாக எழுதினேன். வினைச்சொல்லுக்குத் தனிப் பத்தி. இரண்டு மத்தியானம் ஆயிற்று. பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினேன். மூன்று நாள் பதில் இல்லை. நாலாவது நாள் கூப்பிட்டு, அந்த முதல் பத்தியில் இருக்கும் தேதி சரிதானா, அவ்வளவு வருஷமா ஆகிவிட்டது என்று கேட்டான்.